மாதிரிக்குப் பிறந்த மூலம்

தமிழில் 'மாதிரி' என்னும் சொல்லை நாம் இருவேறு பொருளில் ஆள்கிறோம். முன்னமே உள்ள ஒன்றைப் போலச் செய்யப்பட்டதும் மாதிரி. இனிச் செய்யப்படவிருக்கும் ஒன்றுக்கு வழிகாட்டியாக நிற்பதும் மாதிரி. முதற்பொருளில் அது நகல். இரண்டாம் பொருளில் அது மூலம். பின்னால் வருவதையும் முன்னால் நிற்பதையும் ஒரே சொல் சுட்டுவது மொழியின் குழப்பம் என்று சிலருக்குத் தோன்றக்கூடும். விமானத்தின் வரலாற்றைச் சற்று ஊன்றிப் படித்தவர்களுக்கு அது குழப்பமாகத் தோன்றாது. அங்கே மாதிரி இரண்டு வேலைகளையும் செய்திருக்கிறது.

மாதிரி விமானங்களுக்கான சிறு உலோக இயந்திரங்களைத் தம் கையாலேயே செய்வோர் பல நாடுகளில் இருக்கிறார்கள். கடையில் விற்கும் பாகங்களை வாங்கி இணைப்பவர்களைப் பற்றி நான் இங்குப் பேசவில்லை. பித்தளைக் கம்பியும் உருக்குத் துண்டும் செம்புத் தகடுமாகத் தொடங்கி, லேத்தில் கடைந்து, துளையிட்டு, பற்றவைத்து, கட்டைவிரல் அளவுள்ள உருளையையும் அதனுள் ஓடும் பிஸ்டனையும் உருவாக்குபவர்களையே கருதுகிறேன். ஓர் இயந்திரத்துக்கு ஆண்டுகள் சில ஆவதுண்டு. ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் பெரிய விமானத்தைப் பார்த்துச் சிறிய விமானம் செய்யப்பட்டது என்பது இருபதாம் நூற்றாண்டின் கதை மட்டுமே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மனிதனைச் சுமந்து இயந்திர வலிமையால் நிலைத்துப் பறந்த விமானம் ஒன்றுகூட இல்லை. அன்று பறந்தவையும், பறக்க முயன்று விழுந்தவையும் பெரும்பாலும் சிறியவையே. அவற்றுக்கென்று செய்யப்பட்ட சிறு இயந்திரங்கள் எதனுடைய நகலும் அல்ல. அவையே மூலங்கள்.

* * *

இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்தில் சார்டு என்றொரு சிற்றூர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவ்வட்டாரம் லேஸ் என்னும் வலைப்பின்னல் துணி நெய்வதில் பெயர்பெற்றது. கையால் பின்னப்பட்டுவந்த லேஸை இயந்திரத்தால் பின்னும் முறைக்கு ஜான் ஹீத்கோட் 1808, 1809 ஆண்டுகளில் காப்புரிமை பெற்றிருந்தார். 1816இல் லஃப்பரோ நகரிலிருந்த அவருடைய ஆலையை லட்டைட் கலகக்காரர்கள் தாக்கி இயந்திரங்களை நொறுக்கியபின், அவர் தம் தொழிலைத் தென்மேற்கே டிவர்ட்டனுக்கு மாற்றிக்கொண்டார். அத்தொழிலோடு தொடர்புடைய கைவினைஞர்களும் இத்திசையில் குடியேறினர். 1799இல் ஷெஃபீல்டு அருகே பிறந்த ஜான் ஸ்ட்ரிங்ஃபெல்லோ அவர்களுள் ஒருவர். லேஸ் இயந்திரங்களுக்கான பாபின்களையும் அவற்றைத் தாங்கி ஓடும் சட்டங்களையும் செய்து தருவது அவருடைய தொழில்.

விமான வரலாற்று நூல்கள் இச்செய்தியை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கோ இதுவே முதன்மையானது என்று படுகிறது. லேஸ் இயந்திரத்தின் பாபின் நாம் அறிந்த நூற்கண்டு அன்று. அது தட்டையான மெல்லிய பித்தளை வட்டு. நெருக்கமாக நிற்கும் பாவு நூல்களின் இடைவெளியில் அது முன்னும் பின்னும் போய்வர வேண்டும். ஒரு வட்டு சற்றே தடித்துவிட்டாலும் நூல் அறும். ஆகவே உலோகத்தை மெலிதாக்குவதும், நூற்றுக்கணக்கான பாகங்களை ஒரே அளவில் செய்வதும் இத்தொழிலில் அன்றாடப் பயிற்சி. அதே காலத்தில் புகைவண்டிப் பட்டறைகளில் நீராவி இயந்திரங்களைச் செய்தவர்களுக்கு எடை ஒரு பொருட்டே அன்று. ஒரு குதிரைத்திறனுக்கு நூற்றுக்கணக்கான ராத்தல் இரும்பு செலவாயிற்று. பறப்பதற்கான இயந்திரம் புகைவண்டிப் பட்டறையில் தோன்றாமல் பாபின் செய்பவரின் மேசையில் தோன்றியதற்குக் காரணம் இதுவே எனலாம்.

சார்டில் ஸ்ட்ரிங்ஃபெல்லோவுக்கு வில்லியம் சாமுவேல் ஹென்சன் என்னும் நண்பர் வாய்த்தார். அவரும் லேஸ் தொழிலைச் சேர்ந்தவர். 1842இல் ஹென்சன் 'வான்வழி நீராவி வண்டி' ஒன்றுக்குக் காப்புரிமை கோரினார். 150 அடி நீளச் சிறகு, 4,500 சதுர அடிப் பரப்பு, ஏறத்தாழ 3,000 ராத்தல் எடை, 25 முதல் 30 குதிரைத்திறன் கொண்ட இயந்திரம் என்பது திட்டம். இதற்கென ஒரு நிறுவனம் தொடங்கும் முயற்சியும் நடந்தது. எகிப்தியப் பிரமிடுகளின் மேலே அவ்வண்டி பறந்து செல்வதாக ஓவியங்கள் அச்சிட்டுப் பரப்பப்பட்டன. வண்டியோ இன்னும் பிறக்கவில்லை. இதழ்கள் நகைத்தன, பணம் திரளவில்லை.

நகைப்புக்குப் பின்னும் இருவரும் பட்டறைக்குத் திரும்பினார்கள் என்பதுதான் நம் கவனத்துக்கு உரியது. பெருந்திட்டத்தை ஒதுக்கிவிட்டு, 20 அடிச் சிறகுள்ள சிறு விமானத்தைச் செய்தார்கள். 1847இல் ஊருக்கு வெளியே ஒரு மேட்டுநிலத்தில் வாரக்கணக்கில் அதைச் சோதித்தார்கள். சரிவுத் தடத்திலிருந்து விடுபட்டதும் அது தாழ்ந்து தரையில் இறங்கிற்றேயன்றி மேலே ஏறவில்லை. ஊரார் கண்ணில் படாதிருக்க இரவில் முயன்றபோது சிறகின் பட்டுத்துணி பனியில் நனைந்து கனத்துவிட்டது. ஹென்சன் மனம் தளர்ந்து, பின்னர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். ஸ்ட்ரிங்ஃபெல்லோ தனியாகத் தொடர்ந்தார்.

1848இல் அவர் செய்த விமானம் முந்தையதில் பாதி. 10 அடிச் சிறகு. உருளையின் விட்டம் முக்கால் அங்குலம். பிஸ்டன் ஓடும் தூரம் 2 அங்குலம். இயந்திரம் ஒரு சுற்றுச் சுற்றினால் 16 அங்குல உந்துவிசிறிகள் மூன்று சுற்றுச் சுற்றும்படி சாய்பற்சக்கரங்கள் அமைத்திருந்தார். விமானமும் இயந்திரமும் சேர்ந்து 6 ராத்தல். நீரும் எரிபொருளும் ஊற்றியபின் ஆறரை ராத்தல், அதாவது சுமார் 3 கிலோ. பச்சிளங்குழந்தை ஒன்றின் எடைக்குள் அடுப்பு, கொதிகலன், இயந்திரம், சிறகு, வால் அனைத்தும் அடங்கின.

பயனற்றுக் கிடந்த ஒரு லேஸ் ஆலையின் நீண்ட அறையில், 22 கஜ நீளத்துக்குள், சோதனை நடந்தது. தொடக்க வேகம் பெறுவதற்காக விமானம் ஒரு கம்பியில் ஓடவிடப்பட்டது. முதல் முறை வால் சரியாகப் பொருத்தப்படாமையால் அது செங்குத்தாக எழுந்து பின்புறமாக விழுந்து உடைந்தது. செப்பனிட்டு மீண்டும் விட்டபோது கம்பியை விட்டு நீங்கி, மெல்ல மேலேறி, அறையின் கோடியில் தடுப்புக்காகக் கட்டியிருந்த துணியைத் துளைத்து நின்றது என்று சொல்லப்படுகிறது.

'சொல்லப்படுகிறது' என்று எழுத நேர்வதற்குக் காரணம் உண்டு. இவ்விவரங்கள் பெரும்பாலும் அவருடைய மகன் 1892இல் வெளியிட்ட சிறு நூல் வழியாக வருகின்றன. நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே 44 ஆண்டுகள். சார்ல்ஸ் கிப்ஸ்-ஸ்மித் போன்ற பிற்கால வரலாற்றாசிரியர்கள் இச்சான்றை ஏற்கத் தயங்கினர். கம்பியில் பெற்ற வேகமே விமானத்தைச் சிறிது தூரம் கொண்டு சென்றிருக்கலாம். தன் இயந்திரத்தின் வலிமையால் மட்டுமே நிலைத்துப் பறந்தது என்று நிறுவ அறையின் நீளம் போதாது. சார்டு ஊரோ இன்றும் இயந்திரப் பறத்தலின் பிறப்பிடம் தானே என்று அறிவித்துக்கொள்கிறது. ஊரின் நடுவே அவ்விமானத்தின் வெண்கல உருவம் நிற்கிறது.

யார் பக்கம் நியாயம்? பறந்ததா என்னும் கேள்விக்கு ஐயப்படுபவர்கள் பக்கம் நிற்பதே நேர்மை. ஆனால் அந்த ஐயம் இயந்திரத்தைத் தொடுவதில்லை. ஆறரை ராத்தலுக்குள் எரிந்து, கொதித்து, சுழன்ற ஓர் இயந்திரம் அங்கு இருந்தது. பெரிய நீராவி இயந்திரம் ஒன்றை அளவில் சுருக்கி அதை அடைந்திருக்க முடியாது.

* * *

ஏன் முடியாது என்பதைச் சற்று விளக்க வேண்டும். இவ்வரலாற்றின் திறவுகோல் அங்குதான் இருக்கிறது.

ஒரு பொருளின் நீள, அகல, உயரங்களை இரு மடங்காக்கினால் அதன் பரப்பு நான்கு மடங்காகும். கன அளவும் எடையும் எட்டு மடங்காகும். பாதியாக்கினால் பரப்பு நான்கில் ஒன்றாகவும் எடை எட்டில் ஒன்றாகவும் குறையும். சிறகின் தாங்கும் ஆற்றல் பரப்பைச் சார்ந்தது. ஆகவே சிறிய விமானத்தின் சிறகு தன் சுமையை எளிதில் தாங்கும். இயந்திரத்திலோ கணக்கு தலைகீழாகத் திரும்புகிறது. உருளை சிறிதாகச் சிறிதாக, உள்ளிருக்கும் நீராவியின் அளவோடு ஒப்பிடுகையில் அதைச் சூழ்ந்த உலோகப் பரப்பு மிகுந்துகொண்டே போகிறது. வெப்பம் அப்பரப்பின் வழியே வெளியேறுகிறது; நீராவி பிஸ்டனைத் தள்ளி முடிக்குமுன் நீராகிவிடுகிறது. பிஸ்டனுக்கும் உருளைக்கும் இடையே விட்டாக வேண்டிய இடைவெளியும் அதே விகிதத்தில் குறைவதில்லை. பெரிய இயந்திரத்தில் பொருட்படுத்தத் தேவையற்ற கசிவு சிறியதில் உயிர்போகும் ஓட்டையாகிவிடுகிறது. எனவே சிறிய விமானத்தில் சிறகு எளிது, இயந்திரம் அரிது. பெரிய விமானத்தில் சிறகின் வலுவே பெருங்கவலை.

சிறு இயந்திரம் செய்பவர் இவ்விதியைக் கையால் அறிகிறார். அவர் எதையும் சுருக்குவதில்லை. ஒவ்வொன்றையும் புதிதாகச் சிந்திக்கிறார்.

1868 ஜூனில், லண்டன் கிரிஸ்டல் பேலஸில், பிரிட்டனின் வான்பயணவியல் கழகம் ஒரு கண்காட்சி நடத்தியது. 1866இல் தோன்றிய அக்கழகத்தின் முதல் கண்காட்சி அது. ஏறத்தாழ எழுபது வயதை எட்டியிருந்த ஸ்ட்ரிங்ஃபெல்லோ மூன்றடுக்குச் சிறகுள்ள ஒரு விமானத்தையும் தனியாக ஒரு நீராவி இயந்திரத்தையும் அங்கே வைத்தார். ஆற்றலுக்கேற்ற எடைக்குறைவுக்கான 100 பவுண்டு பரிசு அந்த இயந்திரத்துக்குக் கிடைத்தது. உருளையின் விட்டம் 2 அங்குலம், பிஸ்டன் ஓடும் தூரம் 3 அங்குலம், அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 100 ராத்தல், வேகம் நிமிடத்துக்கு 300 சுற்று. எடை சுமார் 13 ராத்தல். ஆற்றல் ஒரு குதிரைத்திறன் என்று மதிப்பிடப்பட்டது. தீ மூட்டிய ஏழு நிமிடங்களில் முழு அழுத்தத்தை எட்டியதாம்.

இந்த 'ஒரு குதிரைத்திறன்' என்பதைக் கவனமாகக் கொள்ள வேண்டும். பிஸ்டனின் இருபுறமும் நீராவி மாறிமாறித் தள்ளுவதாகவும், கொதிகலனின் முழு அழுத்தம் கடைசிவரை குறையாமல் நிற்பதாகவும் வைத்துக்கொண்டால் மேற்படி அளவுகளுக்கு 1.4 குதிரைத்திறன் வரும். உண்மையில் அழுத்தம் அவ்வாறு நிற்பதில்லை. கணக்கில் வரும் ஆற்றல் வேறு, தண்டில் கிடைக்கும் ஆற்றல் வேறு. ஆயினும் குறைத்தே மதிப்பிட்டாலும், அந்நாளில் அது வியக்கத்தக்க சாதனை. பரிசுப் பணத்தைக் கொண்டு அவர் 70 அடிக்கு மேல் நீளமுள்ள ஒரு சோதனைக்கூடம் கட்டினார். அதற்குள் கண்பார்வை மங்கிவிட்டது. மனிதனைச் சுமக்கும் விமானத்தைக் காணாமலே 1883இல் மறைந்தார்.

* * *

இதே காலத்தில் வேறு இடங்களிலும் சிறு இயந்திரங்கள் பிறந்துகொண்டிருந்தன. 1877இல் மிலான் நகரில் என்ரிகோ ஃபோர்லானினியின் நீராவி ஹெலிகாப்டர் சுமார் 13 மீட்டர் உயரம் எழுந்தது. அடுப்பைச் சுமப்பதில்லை என்பது அவருடைய உத்தி. தரையிலேயே கலத்தைச் சூடேற்றி, அழுத்தம் மிகுந்ததும் பறக்கவிட்டார். 1879இல் பிரான்சில் விக்டர் தாத்தான் அழுத்தக் காற்றால் இயங்கும் சிறு விமானத்தை எழுப்பினார். ஆஸ்திரேலியாவில் லாரன்ஸ் ஹார்கிரேவ் 1889இல் அழுத்தக் காற்றால் இயங்கும் மூன்று உருளை இயந்திரம் ஒன்றைச் செய்தார். அதில் தண்டு நிற்க, உருளைகளே அதைச் சுற்றிச் சுழன்றன. இருபதே ஆண்டுகளில் பிரான்சின் நோம் நிறுவனம் பெட்ரோலில் இதே அமைப்பைத் தனியே கண்டடைந்தது. முதல் உலகப்போரின் விமானங்கள் பலவற்றை அவ்வகைச் சுழல் இயந்திரங்களே இழுத்துச் சென்றன.

ஹார்கிரேவ் தம் கண்டுபிடிப்புகள் எதற்கும் காப்புரிமை கோரவில்லை. அறிவு எல்லோருக்கும் உரியது என்பது அவர் கொள்கை. தம் மாதிரிகளை ஜெர்மனியின் மியூனிக் அருங்காட்சியகத்துக்கு அளித்தார். அவற்றில் பல இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் அழிந்தன. பறத்தலை மனிதனுக்குக் கற்றுத்தந்த கருவிகள் வானிலிருந்து விழுந்த குண்டுகளால் அழிந்தன என்பதற்கு மேல் இதில் சொல்ல ஏதுமில்லை.

ஸ்ட்ரிங்ஃபெல்லோவின் இயந்திரமோ அமெரிக்கா சென்றது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலாளராயிருந்த வானியலறிஞர் சாமுவேல் பியர்பான்ட் லாங்லி 1889இல் அதை வாங்கி வாஷிங்டனுக்குக் கொண்டுவந்தார். லாங்லியும் சிறு விமானங்களில்தான் தொடங்கினார். ரப்பர் முறுக்கு, அழுத்த வாயு, நீராவி என்று பலவற்றை முயன்று, பல விமானங்களைத் தோல்வியாய் ஒதுக்கியபின், 1896 மே 6 அன்று அவருடைய ஐந்தாம் எண் 'ஏரோட்ரோம்' பொட்டோமாக் ஆற்றின் மேல் சுமார் 3,300 அடி தூரம் பறந்தது. சுமார் 25 ராத்தல் எடை. 14 அடிக்குச் சற்றுக் குறைந்த சிறகு. ஏறத்தாழ ஒரு குதிரைத்திறன் தரும் நீராவி இயந்திரம். தொலைபேசியால் புகழ்பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல் நேரில் கண்டு படமெடுத்தார். ஸ்ட்ரிங்ஃபெல்லோவின் அறைக்குள் தீராத ஐயம் இந்த ஆற்றின் மேல் தீர்ந்தது.

தீர்ந்த இடத்திலேயே அடுத்த தவறும் தொடங்கிற்று. வெற்றிபெற்ற மாதிரியைப் பெரிதாக்கினால் மனிதனும் பறக்கலாம் என்று லாங்லி கருதினார். அவருடைய பெரிய ஏரோட்ரோமின் சிறகு சுமார் 48 அடி, அதாவது மூன்றரை மடங்கு. மனிதனோடு சேர்ந்த எடையோ 800 ராத்தலுக்கு மேல், அதாவது முப்பது மடங்கைத் தாண்டியது. அதற்காக சார்ல்ஸ் மேன்லி உருவாக்கிய ஐந்து உருளைப் பெட்ரோல் இயந்திரம் 52 குதிரைத்திறன் தந்தது. குளிர்விக்கும் நீரெல்லாம் சேர்த்தும் ஒரு குதிரைத்திறனுக்கு நான்கு ராத்தல் அளவே எடை. அக்காலத்தில் அதற்கு இணையில்லை. 1903 அக்டோபர் 7, டிசம்பர் 8 ஆகிய இரு நாள்களிலும் அவ்விமானம் ஏவப்பட்ட உடனே ஆற்றில் விழுந்தது. ஏவுகருவியில் சிக்கியதே காரணம் என்றது லாங்லியின் தரப்பு. பெரிதாக்கப்பட்ட சட்டகம் சுமையைத் தாங்கவில்லை என்பது பின்வந்தோர் பலரின் கருத்து.

ஒன்பது நாள் கழித்து, டிசம்பர் 17 அன்று, ரைட் சகோதரர்கள் பறந்தார்கள். அவர்களுடைய பட்டறைக் கம்மியர் சார்லி டெய்லர் செய்த இயந்திரம் 12 குதிரைத்திறன்; எடை சுமார் 180 ராத்தல். குதிரைத்திறனுக்கு 15 ராத்தல் என்ற கணக்கில், 1868இல் ஸ்ட்ரிங்ஃபெல்லோவுக்குச் சொல்லப்பட்ட அளவைவிடவும் அது கனமானது! இயந்திரத்தின் இலேசு ஒன்றே பறத்தல் ஆகாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். விமானத்தைக் காற்றில் சாய்த்தும் திருப்பியும் ஆளும் கலையை முதலில் கற்றார்கள். ஆறடிக் காற்றுக்குழாயில் கையளவுச் சிறகுகளை வைத்து அளந்தார்கள்.

அவர்களுக்கு இவ்விதி சிறுவயதிலேயே அறிமுகமாகியிருந்தது. 1878இல் தந்தை வாங்கிவந்த ரப்பர் முறுக்கில் எழும்பும் பொம்மை ஒன்றைப் பார்த்து அதைப் போலவே பெரிதாகச் செய்ய முயன்றார்கள். பெரிதாகப் பெரிதாக அது பறக்க மறுத்தது. நீளம் இரு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு வேண்டும் என்பது அப்போது தமக்குத் தெரியாது என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். பேரறிஞர் லாங்லியை ஆற்றில் இறக்கிய பாடம் அவ்விரு சிறுவர்களுக்குப் பொம்மையில் கிடைத்தது.

* * *

1903க்குப் பின் மாதிரியின் பொருள் மாறிற்று. அது வரை மூலமாக இருந்தது இனி நகலாயிற்று. இங்கிலாந்தில் 1898 முதல் வெளிவந்த 'மாடல் எஞ்சினியர்' இதழ், வீட்டுப் பட்டறையில் சிறு இயந்திரங்கள் செய்வோரை ஒன்றிணைத்தது. 1930களில் அமெரிக்காவின் பிரவுன் ஜூனியர் போன்ற சிறு பெட்ரோல் இயந்திரங்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. பறப்பதற்காக இயந்திரம் செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் அத்துடன் நீங்கியது. கட்டாயம் நீங்கிய பின்னும் சிலர் செய்துகொண்டே இருந்தார்கள்.

ஒரு சான்று போதும். 1918இல் போருக்கு வந்த சாப்வித் ஸ்னைப் விமானத்தின் பென்ட்லி பி.ஆர்.2 இயந்திரம் ஒன்பது உருளைகளோடு சுழலும் வகையைச் சேர்ந்தது. 140 மில்லிமீட்டர் உருளை விட்டம், 180 மில்லிமீட்டர் ஓட்டம், சுமார் 25 லிட்டர் கொள்ளளவு. இதை நான்கில் ஒரு பங்கு அளவில், உண்மையாகவே ஓடும்படி செய்வதெப்படி என்று எல்.கே. பிளாக்மோர் ஒரு நூலே எழுதினார். நான்கில் ஒரு பங்கு என்றால் கொள்ளளவு 64இல் ஒரு பங்கு. 390 கன செண்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஸ்ட்ரிங்ஃபெல்லோ எதிர்கொண்ட விதி இங்கே மறுபுறமிருந்து வந்து நிற்கிறது. இயந்திரத்தைச் சுருக்கலாம், பெட்ரோல் துளியையும் மின்பொறியையும் எண்ணெயின் பிசுக்கையும் யாரும் சுருக்க முடியாது. எங்கே மூலத்துக்கு உண்மையாயிருப்பது, எங்கே விலகினால்தான் அது ஓடும் என்பதை ஒவ்வொரு பாகத்திலும் அவர் முடிவுசெய்ய வேண்டும். மொழிபெயர்ப்பில் கைவைத்த நண்பர்களுக்கு இச்சங்கடம் புதிதன்று.

எண்ணெய் என்றதும் ஒரு செய்தி. அந்நாளைய சுழல் இயந்திரங்களுக்கு உயவாக ஊற்றப்பட்டது நம் வீட்டு விளக்கெண்ணெய், அதாவது ஆமணக்கெண்ணெய். பெட்ரோலோடு எளிதில் கலந்து கரைந்துபோகாத குணம் அதற்கு உண்டு. மாதிரி இயந்திரக்காரர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஓடாத இயந்திரங்களைச் செய்வோரும் உளர். 32இல் ஒரு பங்கு அளவுள்ள காட்சி விமானத்தில் அதே பென்ட்லி உருளையின் விட்டம் நான்கரை மில்லிமீட்டருக்கும் குறைவு. உலோகத் தண்டின் மேல் மெல்லிய கம்பியை நெருக்கிச் சுற்றிக் குளிர்விக்கும் வரிகளைக் காட்டுவார்கள். அல்லது பெரிதும் சிறிதுமான வட்டுகளை மாற்றி மாற்றி அடுக்குவார்கள். இவர்களுக்கு வெப்பமும் கசிவும் கவலையில்லை. ஆனால் எந்தக் குழாய் எங்கே நுழைகிறது, எந்தத் திருகு எப்பக்கம் நோக்குகிறது என்பதற்காகப் பழைய வரைபடங்களையும் ஒளிப்படங்களையும் தேடிப் படிக்கிறார்கள். பாடபேதம் பார்க்கும் பதிப்பாசிரியரின் உழைப்பு அது.

முதல் உலகப்போரின் இயந்திரங்களில் பல இன்று விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே எஞ்சியுள்ளன. அவை அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் நிற்கின்றன; அவற்றைக் கழற்றிப் பார்க்க எவருக்கும் எளிதில் அனுமதி கிடைக்காது. அத்தகைய இயந்திரம் எவ்வாறு பூட்டப்பட்டது, எந்த வரிசையில் கோக்கப்பட்டது, எங்கே கை வழுக்கும் என்பதெல்லாம் ஒரு காலத்துத் தொழிலாளர் கையோடு மறைந்த அறிவு. வரைபடம் அதில் ஒரு பகுதியைத்தான் காக்கும். மீதியை மறுபடி ஒருவர் செய்து பார்த்தே மீட்க வேண்டும். நகல் செய்பவர் என்று நாம் கருதுகிறவர் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறார். நாளை மூலங்கள் துருப்பிடித்தோ குண்டுக்கு இரையாகியோ மறையுமானால், மியூனிக்கில் ஒருமுறை நடந்தது போல, பின்வருவோர் கேட்டறிய எஞ்சியிருப்பது அவருடைய மேசைமேல் உள்ள சிறு இயந்திரமாகவே இருக்கும். அப்போது அது மறுபடியும் மாதிரி என்ற சொல்லின் இரண்டாம் பொருளுக்கு உரியதாகும்.